உப்பு வருகிற ஊருக்கு ஒரு பனிக்காலப் பயணம்

மாசி மாதத்தில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எந்த வாகனத் தரிப்பிடத்துக்குப் போனாலும் கறுப்புக் கார், சிவப்புக் கார், நீலக் கார் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். ஐஸ் உருகுவதற்காகத் தெருவில் கொட்டுகிற உப்புத்தான் காரணம். கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் உப்பு தெருக்களுக்குப் போகிறது. தென் ஒன்ராறியோவுக்கு வரும் உப்பில் நிறைய, ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கிற கோட்ரிச் என்ற சின்ன ஊரின் சுரங்கத்திலிருந்து வருகிறது. குடும்ப நாள் விடுமுறையில் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று மனைவி, மகள், மச்சான், நான் எல்லோருமாகப் புறப்பட்டோம்.

மச்சான், அடிபட்ட கார்களைத் திருத்துகிற ஒரு பொடி ஷொப்பில் பெயின்ற் வேலை செய்கிறவர். உப்பும் பனியும் மூடிய தெருவில் இவ்வளவு தூரம் ஓடப்போகிறோம் என்பதால் காரைக் கார்த்திகையிலேயே அவரைக் கொண்டு தயார்படுத்தியிருந்தேன். மெழுகு டப்பாவோடு போய் நின்ற என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “மெழுகு பிறகு பூசலாம் மச்சான். முதல்லை கல் பட்ட இடமெல்லாத்தையும் தேடிப் பாரும்.”

அதன் காரணத்தை அவர் விளக்கியபோதுதான் பனிக்காலத்தில் பெயின்றுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. காரின் தகட்டுக்கு மேலே இருக்கிற பூச்சு எல்லாம் சேர்ந்தே 0.1 மில்லிமீற்றரிலிருந்து 0.15 மில்லிமீற்றர் வரைதான் வரும். அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் தலைமயிரைவிட மெல்லியது. ஆனாலும் அது முழுதாக இருக்கும்வரை உப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் போகிற லொறி தெறிக்கவிடுகிற ஒரு சிறு கல் தகடுவரை குழி போட்டுவிட்டால் கதை வேறு. உப்புநீர் அந்தக் குழியில் இறங்கித் தகட்டைத் தொட்டதும் துரு தொடங்கி, பக்கத்துப் பெயின்றுக்கு அடியால் பரவும். வெளியே குமிழ் தெரிகிறபோது உள்ளே அதைவிடப் பெரிய இடம் போயிருக்கும்.

அதனால் பொனற்றின் முன் விளிம்பிலும், கதவுகளுக்குக் கீழேயும், சில்லு வளைவுகளிலும் இருந்த குழிகளைத் துப்புரவாக்கி, டச் அப் பெயின்ற் வைத்து அடைத்தோம். பிறகு காரைக் கழுவி, களிக்கட்டியால் தேய்த்து ஒட்டியிருந்த அழுக்கை எடுத்து, பெயின்றை மூடிக் காக்கிற செயற்கை சீலன்ற் பூசினோம். கார்னூபா என்ற இயற்கை மெழுகின் பளபளப்பு அழகுதான், ஆனால் உப்பும் அடிக்கடி கழுவலும் அதைச் சில வாரங்களில் கரைத்துவிடும். சீலன்ற் பனிக்காலம் முழுவதும் தாக்குப் பிடிக்கும். செராமிக் பூச்சு அதைவிட நெடுநாள் நிற்கும். அழுக்கும் சுலபமாகக் கழன்று போகும். ஆனால் கல்லடியை அது தடுக்காது. கல்லைத் தாங்குவது முன்பக்கத்தில் ஒட்டுகிற தடித்த பிளாஸ்ரிக் படலம் ஒன்றுதான். காசு ஒதுக்க முடிந்தவர்கள் பொனற்றுக்கும் முன் பம்பருக்குமாவது அதை ஒட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கடைசியாக அடிப்பக்கத்துக்குத் துருவைத் தடுக்கும் எண்ணெய் அடித்துவிட்டோம்.

சனிக்கிழமை பின்னேரம் நெடுஞ்சாலை 401இல் ஏறினோம். மில்ற்றன் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. நீல விளக்கு மின்ன மின்ன, பனி தள்ளும் வண்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படிக்கட்டு வரிசையில் போய்க்கொண்டிருந்தன. பொறுமை இல்லாத சிலர் அவற்றை முந்தப் பார்த்தார்கள். நாங்கள் நல்ல இடைவெளி விட்டே போனோம். உயிருக்கு அதுதான் பாதுகாப்பு, பெயின்றுக்கும் அதுதான்: அந்த வண்டிகள் கொட்டுகிற உப்புக்கட்டி அப்படியே தெறித்து வந்து பொனற்றில் அடிக்கும்.

அன்றிரவு கிச்சினரில் உறவுக்கார அண்ணை வீட்டில் தங்கினோம். சூடாக்கிய கராஜ் அவரிடம் உண்டு. “உள்ளை விடுங்கோ, இரவிலை நல்லாக் குளிரும்” என்று அன்போடு கதவைத் திறந்தார். மச்சான் மறுத்துவிட்டார். “இல்லை அண்ணை, உப்போடை நிக்குது. வெளியிலையே நிக்கட்டும்.” பலருக்கு இது தலைகீழாகத் தெரியும். கடும் குளிரில் துருப்பிடித்தல் மெதுவாகத்தான் நடக்கும். சூடான கராஜில் ஐஸ் உருகி, உப்புநீர் எல்லா இடுக்குக்குள்ளும் ஓடி, அந்தச் சூட்டிலேயே இரவெல்லாம் வேலை செய்யும். கழுவிய காரைத்தான் சூட்டில் விடலாம்.

அடுத்த நாள் காலை காரின் மேல் ஒரு சாண் பனி. அதைத் தள்ள நுரைத் தலை வைத்த தூரிகை வைத்திருக்கிறோம். கரடுமுரடான மயிர்த் தூரிகை, பனிக்கு அடியில் இருக்கிற மணலையும் உப்பையும் சேர்த்து இழுத்துப் பெயின்றில் கோடு போடும். நுரையாலும் அடிவரை தேய்க்கவில்லை; மேற்பனியைத் தள்ளிவிட்டு, மீதியைக் கார் சூட்டுக்கு உருக விட்டோம். ஐஸ் சுரண்டியைக் கண்ணாடிக்கு மட்டுந்தான் எடுக்க வேண்டும். கார் உறை போடுகிறவர்களும் உண்டு. காற்றடிக்கிற இடத்தில் அழுக்குக் காருக்கு உறை போட்டால் அதுவே இரவு முழுவதும் உரசும்.

நெடுஞ்சாலை 8இல் ஸ்ட்ராட்ஃபோர்ட், மிச்செல், சீஃபோர்த், கிளின்ரன் என்று பண்ணை நிலங்களுக்கு நடுவே வழி போகிறது. கிளின்ரனை நெருங்கும்போது சட்டென்று எதிரே ஒன்றும் தெரியவில்லை. உறையாத ஏரி நீரின் மேலாக வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளி வந்து கரையில் பனியாகக் கொட்டும். ஒரு பட்டைக்குள் வெள்ளை இருட்டு, சிறிது தூரத்தில் வெயில். வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, மெல்ல மெல்ல ஊர்ந்தோம்.

கோட்ரிச் அழகான ஊர். நடுவில் எட்டுப் பக்கமாக வளைந்த ஒரு தெரு, அதன் நடுவில் நீதிமன்றம், சுற்றிவரக் கடைகள். 2011 ஓகஸ்ற் 21இல் அடித்த சூறாவளி இந்த நடுப்பகுதியைச் சிதைத்துப் போட்டது. ஊரவர்கள் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மேட்டில் 1847இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. கீழே துறைமுகத்தில் உப்புச் சுரங்கம். நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது இதுதான். 1866இல் எண்ணெய் தேடித் துளைத்த சாமுவேல் பிளாட் என்பவர் எண்ணெய்க்குப் பதிலாக உப்பைக் கண்டார். இன்றைய சுரங்கம் 1959இல் தொடங்கியது. ரொறொன்ரோவின் சி.என். கோபுரம் எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தில், ஏரிக்கு அடியில் வெட்டுகிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியாது. துறைமுகத்தில் நின்று பார்க்கலாம்.

சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் உப்பு அது. ஆனையிறவில் வெயில் காய்ச்சி எடுத்த உப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஏரிக்கு அடியிலிருந்து பாறையாக உப்பு வருவதைப் பார்த்ததில் மனம் நிறைந்துபோனது. அந்த உப்புத்தான் இந்த மாகாணத்தில் எத்தனையோ உயிர்களைத் தெருவில் காப்பாற்றுகிறது. அதே உப்பு ஆறு, குளங்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கானது என்று 2001இல் கனடா அரசின் மதிப்பீடு சொன்னது. குளிர் -12 பாகைக்குக் கீழே போனால் உப்பு நன்றாக வேலை செய்யாது. அப்போது மணலைத் தூவுவார்கள். அந்த மணலும் பெயின்றுக்குத் தொல்லைதான்.

துறைமுகத்தில் நின்றபோது மகள் காரின் கதவில் படிந்த வெள்ளைத் தூளில் பெயர் எழுதக் கையுறையைத் தூக்கினாள். மனைவி ஓடிப்போய்ப் பிடித்தார். “வேண்டாம் அம்மாச்சி, கதவு கீறுப்படும். இஞ்சை ஸ்னோவிலை எழுதுங்கோ.” கரையில் இருந்த பனி முழுவதும் அவளுடைய பெயராயிற்று. காய்ந்த உப்பையும் மணலையும் கையாலோ துணியாலோ துடைப்பதுதான் பனிக்காலத்தில் கிளியர் கோட்டுக்குப் பெரிய கேடு. தண்ணீர்தான் அதை எடுக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஸ்ட்ராட்ஃபோர்டில் குளிர் பூச்சியத்துக்கு மேலே ஏறியிருந்தது. சில்லறை போட்டு நாமே கழுவுகிற இடத்தில் ஐந்தாறு கார்கள் வரிசையில் நின்றன, காத்திருந்தோம். சுழலும் தூரிகை உள்ள இடத்துக்கு மச்சான் போக விடமாட்டார்; முன்னால் போன கார்களின் மணல் அந்தத் தூரிகையில் இருக்கும். முதலில் சில்லு வளைவுகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் கதவின் கீழ் விளிம்புக்கும் நேரம் எடுத்துத் தண்ணீர் அடித்தார். தண்ணீர் அடிக்கிற துவக்கை ஒரு அடிக்கு மேல் தள்ளியே பிடித்தார். கிட்டப் பிடித்தால் கல் பட்ட இடத்துப் பெயின்றை அதுவே உரித்துவிடும். பிறகு சவர்க்கார நுரை, பிறகு மேலிருந்து கீழே அலசல், கடைசியில் கறை விடாத சுத்த நீர். கழுவி முடிந்ததும் நான்கு கதவையும் திறந்து ரப்பர் பட்டிகளைத் துடைத்தோம். ஈரம் இருந்தால் இரவில் கதவு ஒட்டிப்போகும். இழுத்தால் ரப்பர் கிழியும்.

இந்தப் பக்கம் போக விரும்புகிறவர்கள் புறப்படும் முன் தெரு நிலவரம் சொல்கிற ஒன்ராறியோ 511 தளத்தில் நெடுஞ்சாலை 8 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றடித்தால் அந்தப் பகுதித் தெருக்களை மூடிவிடுவார்கள். திரும்பும்போது பின்னேரம் மூன்று மணிக்கு முன்பே கழுவி முடியுங்கள். பொழுது சாய்ந்து குளிர் இறங்கிவிட்டால் தண்ணீர் பூட்டுக்குள்ளேயே உறைந்துவிடும்.