மாப்ள ஜாதகம் மட்டும் குமிஞ்சு கெடக்கு

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் கல்யாணத் தரகர் யாரையாவது தெரிஞ்சா அவரு பையத் தொறந்து காட்டச் சொல்லுங்க. பையன் ஜாதகம் ரப்பர் பேண்ட் போட்டு கட்டு கட்டா இருக்கும், பொண்ணு ஜாதகம் அதுல பாதி கூட தேறாது, அந்த பாதியிலயும் பல பேருக்கு ஏற்கனவே முடிஞ்சிருக்கும், தரகர் சும்மா ஒரு தெம்புக்கு வச்சிருப்பாரு. நான் சின்னப்பயலா இருந்தப்ப கதை வேற. பொண்ணப் பெத்தவருதான் மஞ்சப்பைய தூக்கிட்டு ஊர் ஊரா அலைவாரு, பையன் வீட்டுல "பாத்து சொல்லி அனுப்புறோம்"னு சொல்லிட்டு மாசக்கணக்கா இழுப்பாய்ங்க. இப்ப அலையறது பையனோட அம்மா. "சொல்லி அனுப்புறோம்"ங்கிற டயலாக் பொண்ணு வீட்டுக்கு மாறிருச்சு.

இது ஏதோ ரெண்டு மூணு வீட்டுக் கதைன்னுதான் மொதல்ல எல்லாரும் பேசுனாய்ங்க. ஆனா கொஞ்சம் கவனிச்சா அங்கங்க தடயம் கெடக்கு. முகூர்த்த நாளுக்கு திருப்பரங்குன்றம் போனா மாலையோட நிக்கிற மாப்ளைகள்ல காதோரம் டை அடிச்ச தல எத்தனைன்னு பாருங்க. மொதல்ல பொண்ண கூட்டிட்டுதான் பரிகாரத்துக்கு திருமணஞ்சேரி போவாக, இப்ப எங்க ஊர்ல இருந்து வேன் புடிச்சுப் போறது பூரா பையன் வீட்டுக்காரவுக. தரகர் கமிஷனும் பையன் வீட்டுல மட்டுந்தான் வாங்குறாரு, பொண்ணு வீட்டுல கேட்டா அடுத்த தரகர்ட்ட போயிருவாகன்னு பயம்.

டீக்கடையில காரணம் கேட்டா ஒரே பதில்தான். "பொட்டப்புள்ளைக படிச்சிருச்சுக, திமிரு, கையில போனு வேற." எனக்கு இந்த பதில்ல சுத்தமா ஒப்புதல் இல்ல. இதுல பாதிக்கு மேல இன்னைக்கு கல்யாண வயசுல இருக்குற புள்ளைக முடிவு பண்ணதே கிடையாது, அதுக பொறக்குறதுக்கு முன்னாடியே நம்ம ஆளுக முடிவு பண்ணது.

1986ல உசிலம்பட்டி பக்கம் பொண்ணு பொறந்தா கள்ளிப்பால் ஊத்துறாய்ங்கன்னு இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரையே போட்டுச்சு, அன்னைக்குத்தான் வெளியுலகத்துக்கு நம்ம ஊர் பேரு அந்த மாதிரி தெரிஞ்சுச்சு. 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாக, கொல்லாத, எங்ககிட்ட குடுத்துருன்னு அரசாங்கமே தொட்டில் வச்சுது, பின்னாடி மதுரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ஸ்கேன் வந்துருச்சு. 1994ல ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டும் காதும் காதும் வச்ச மாதிரி சொல்லத்தான் செஞ்சாய்ங்க. இயற்கையா ஆயிரம் ஆம்பளப்புள்ளைக்கு ஏறக்குறைய தொள்ளாயிரத்தம்பது பொம்பளப்புள்ள பொறக்கும். 2001 கணக்கெடுப்புல ஆறு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகள எண்ணுனா தமிழ்நாடு மொத்தத்துக்கும் 942, அதே சேலம் மாவட்டத்துல மட்டும் 851. மாநிலக் கணக்குல கலந்து பாத்தா பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும், ஊர் ஊரா பிரிச்சாதான் எங்க ஓட்டை விழுந்துருக்குன்னு தெரியும். எண்பது கடைசியில, தொண்ணூறுல பொறந்த அந்தப் புள்ளைக இருந்திருந்தா இன்னைக்கு முப்பது வயச ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இப்ப பொண்ணு கெடைக்காம கெடக்குற பயலுகளுக்கும் அதே வயசுதான்.

ஆனா எல்லாப் பழியையும் இது மேல போட்டா அதுவும் தப்பு. இந்தப் பழக்கமே இல்லாத ஊர்லயும் இதே பாட்டுதான் ஓடுது. அங்க வேற ஒரு கணக்கு இருக்கு, அத யாரும் பேசுறதில்ல. நம்ம ஆளுக பையன விட நாலஞ்சு வயசு கம்மியாதான் பொண்ணு தேடுவாய்ங்க. ஒரு பேச்சுக்கு 1985ல ஒரு ஊர்ல நூறு புள்ள பொறந்துச்சுன்னு வச்சுக்கங்க, அம்பது பையன், அம்பது பொண்ணு. ரெண்டே போதும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுல 1990ல எண்பதுதான் பொறக்குது, நாப்பது பையன், நாப்பது பொண்ணு. இப்ப 85ல பொறந்த அம்பது பயலும் 90ல பொறந்த நாப்பது பொண்ணத்தான் தேடுறான், யாரும் யாரையும் கொல்லல, ஸ்கேன் பாக்கல, ஆனா பத்து பேரு அப்படியே மீதி நிக்கிறான். நிக்கிறவன் அடுத்த வருசம் இன்னும் சின்னப் பொண்ணத் தேடுவான், அங்க எண்ணிக்கை இன்னும் கம்மி, மீதி கூடிக்கிட்டே போகும். எழுபதுகள்ல நாலு கிட்ட இருந்த சராசரி குழந்தை எண்ணிக்கை 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல 1.8 ஆயிருச்சு, அவ்ளோ வேகமா எறங்குன மாநிலத்துல இது நடக்காமப் போனாதான் ஆச்சரியம்.

இதுல வேடிக்கை என்னன்னா இதே கணக்கு ஒரு காலத்துல தலைகீழா ஓடுச்சு. பொறப்பு வருசா வருசம் கூடிக்கிட்டு இருந்த காலத்துல அஞ்சு வயசு சின்னப் பொண்ணுகதான் எண்ணிக்கையில ஜாஸ்தி, மாப்ள கொறச்சல், வரதட்சணை ஏறுனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு மக்கள்தொகை ஆராய்ச்சி பண்றவுக எழுதியிருக்காக. அப்ப யாரும் ஆம்பளைகளுக்கு திமிருன்னு டீக்கடையில பேசல.

அப்புறம் முறை. எங்க அப்பத்தா கூடப் பொறந்தவுக ஒரு பட்டாளம், அதனால எங்கப்பா தலைமுறைக்கு முறைப்பொண்ணு வாசல்லயே நின்னுச்சு, தரகரே தேவைப்படல. அண்ணன் மக இல்லையா, சின்னவன் மக இருக்கா, அவளுக்கும் முடிஞ்சிருச்சா, ஒண்ணுவிட்ட மாமன் மக இருக்கா. இன்னைக்கும் தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்குக் குறையாம சொந்தத்துக்குள்ளதான் நடக்குது, ஆனா ஒத்தப்புள்ள வீட்டுக்கும் ஒத்தப்புள்ள வீட்டுக்கும் நடுவுல எங்க இருந்து முறை வரும்? மாமனே இல்லாதவனுக்கு மாமன் மக ஏது. எந்த வேலையும் இல்லாத, சுமாரான பயலுக்கெல்லாம் ஒரு காலத்துல கல்யாணம் நடந்துச்சுன்னா அது இந்த முறை குடுத்த பாதுகாப்புதான், தாய்மாமன் கடமைக்கு கட்டிக் குடுத்துருவாரு. அந்தப் பாதுகாப்பு போயிருச்சுன்னே பல பேருக்கு இன்னும் உறைக்கல.

இப்ப படிப்புக்கு வர்றேன், அது காரணமே இல்லன்னு நான் சொல்லல. 1989ல மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல திருமண உதவித் திட்டம் கொண்டு வந்தப்ப கண்டிஷனே எட்டாவது படிச்சிருக்கணும்ங்கிறதுதான், அஞ்சாயிரம் ரூபா. அந்தக் காசுக்காகவே புள்ளைய எட்டாவது வரைக்கும் அனுப்புன வீடு எங்க தெருவுலயே உண்டு. அப்புறம் பத்தாவது ஆச்சு, பட்டம் வாங்குனா அம்பதாயிரமும் தாலிக்குத் தங்கமும்னு ஆச்சு, 2022ல அந்தத் திட்டத்தையே மாத்தி புதுமைப் பெண்னு கொண்டு வந்துட்டாக, கல்யாணத்துக்கு இல்ல, காலேஜ் படிக்க மாசம் ஆயிரம், நேரா அந்தப் புள்ள அக்கவுண்டுக்கு. கல்யாணக் காசு படிப்புக் காசா மாறுனதுக்கு முப்பத்தி சொச்சம் வருசம் ஆயிருக்கு.

அதே 1989லதான் பொண்ணுகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, நடைமுறையில அண்ணன்காரன் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டு சீர் செஞ்சு அனுப்புறது வேற கதை. இப்ப தங்கச்சி இருக்குற மாப்ளைய வேணாம்ங்கிறாக, நாத்தனார் தொல்லைன்னு வெளிய சொல்லுவாக, உள்ளுக்குள்ள பங்குக் கணக்கும் ஓடும்.

எங்க சொந்தத்துல ஒரு புள்ள, பேரையூர் பக்கம், நர்சிங் முடிச்சுட்டு மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குது. நல்ல வரன் ஒண்ணு வந்துச்சு, கெணறு போருன்னு நாலு ஏக்கர் தோட்டம், சொந்த டிராக்டர், குடி கிடையாது. மாட்டேன்னுருச்சு. ஏம்மான்னு கேட்டேன். "சித்தப்பா, எங்கம்மா விடியக்காலம் அஞ்சு மணிக்கு மாட்டுக்கொட்டத்துக்குப் போவாக, அப்புறம் சமையல், அப்புறம் களை வெட்டு, சாயந்தரம் திரும்ப மாடு. அவுகளுக்கு ஞாயித்துக்கெழம எப்பன்னு கேளுங்க. எனக்கு வார லீவு இருக்கு, நைட் ஷிப்ட் பாத்தா மறுநாள் தூங்க விடுறாக. தோட்ட வேலைக்கு நான் பயப்படல, கூலி இல்லாம யாருக்கும் பாக்க மாட்டேன்." நான் என்னத்த பதில் சொல்ல. இத திமிருங்கிறவய்ங்க அந்த அம்மா கணக்க ஒரு நாளைக்கு எழுதிப் பாக்கணும்.

இதுல உச்சகட்டம் பொண்ணப் பெத்தவருதான். அவரும் விவசாயிதான், மாப்ள சாப்ட்வேரு, இல்லாட்டி கவர்ன்மென்ட்டுன்னு ஒத்தக் கால்ல நிப்பாரு. அவரு மகன் தோட்டத்துல இருக்கான், அவனுக்குப் பொண்ணு தேடுறப்ப "இந்தக் காலத்துப் புள்ளைக மண்ணுல கால் வைக்க மாட்டேங்குதுக"ன்னு பொலம்புவாரு. ரெண்டும் ஒரே வீட்டுத் திண்ணையில, ஒரே வாயில இருந்து. மாப்ளைக்கு தோட்டம் இருக்கான்னு கேப்பாக, இருக்குன்னா சந்தோசம், அவன் அதுல வேலை பாக்குறான்னா வேணாம்.

அதனால பயலுக என்ன பண்றாய்ங்கன்னா பயோடேட்டாவுக்காகவே ஊர விட்டுப் போறாய்ங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி, இல்ல செல்போன் கடை, "தொழில்: சொந்த பிசினஸ்"னு போட ஏதோ ஒண்ணு. நெலம் தரிசாப் போயி கருவேலம் ஏறுது, வயசானவுக மட்டும் ஊர்ல. விவசாயம் நஷ்டம்ங்கிறத மட்டும் காரணமா சொல்றவுக இதையும் சேத்துக்கணும், லாபம் வந்தாலும் கல்யாணம் ஆகாதுன்னா எவன் தோட்டத்துல இருப்பான்? நம்ம ஊர் மட்டும் இல்ல, 2022 டிசம்பர்ல மகாராஷ்டிரா சோலாப்பூர்ல கல்யாணம் ஆகாத பயலுக மாப்ள வேசம் கட்டி குதிர மேல ஏறி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனாய்ங்க, 2023ல கர்நாடகா மாண்டியா பக்கத்து விவசாயிப் பயலுக பொண்ணு கெடைக்கணும்னு மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போனாய்ங்க.

விளைவுன்னு பாத்தா எல்லாமே கெட்டது இல்ல. எங்க பக்கம் "பவுனு நீங்க பாத்துப் போடுங்க, கல்யாணச் செலவு எங்களோடது"ன்னு பையன் வீட்டுல சொல்றது சகஜமாயிருச்சு. விவாகரத்தான பொண்ணுக, புருசன் செத்துப்போன பொண்ணுகன்னா முன்னாடி ஜாதகத்தையே கையில வாங்க மாட்டாய்ங்க, இப்ப அவய்ங்களா வந்து கேக்குறாய்ங்க. ஆனா வரதட்சணை ஒழிஞ்சிருச்சுன்னு நெனச்சுறாதீங்க, அது ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு, அரசு வேலை மாப்ளைக்கு ரேட்டு முன்ன விட ஜாஸ்தி. இன்னொரு பக்கம் போலி கல்யாணக் கும்பல், தரகருக்கு லட்சக்கணக்குல குடுத்து கட்டுன பொண்ணு ஒரே வாரத்துல நகையோட மாயமாப் போறது பேப்பர்ல அடிக்கடி வருது. ஏமாந்தவன் வெக்கத்துல வெளிய சொல்றதும் இல்ல.

செய்முறை, அதாவது மொய்க் கணக்கு இன்னொரு தலைவலி. எங்க பக்கம் மொய் நோட்டு பேங்க் பாஸ்புக் மாதிரி, போட்டத ஒரு விசேசம் வச்சு திரும்ப எடுக்கணும். மகனுக்கு முப்பத்தெட்டு வயசு வரைக்கும் கல்யாணம் ஆகலைன்னா அந்த அப்பன் ஊர் முழுக்க மொய் செஞ்சுக்கிட்டே இருப்பாரு, எடுக்க வழி இல்ல. காதுகுத்தணும்னாலும் பேரன் வேணுமே. அதான் "வசந்த விழா", "இல்ல விழா"ன்னு காரணமே இல்லாம மண்டபம் புடிச்சு பிளெக்ஸ் அடிக்கிறாய்ங்க. வெளியூர்க்காரவுக பாத்து சிரிக்கிறாக, உள்ளூர்க்காரனுக்கு அது வசூல் பிரச்சினை.

எனக்கு ஆத்திரம் வர்ற எடம் ஜாதிதான். பொண்ணே இல்ல இல்லன்னு கத்துறவய்ங்க ஜாதி கட்டத்துக்கு வெளிய ஒரு அடி வைக்க மாட்டாய்ங்க, ஜாதிக்குள்ளயும் உட்பிரிவு, கூட்டம், கோயில்னு வேலி மேல வேலி. முப்பத்தஞ்சு தாண்டுனதும் கேரளாவுல இருந்து பொண்ணு எடுத்தாலும் பரவாயில்லம்பாய்ங்க, அங்க என்ன ஜாதின்னு தோண்டிக் கேக்க மாட்டாய்ங்க, அதுவே பக்கத்துத் தெரு புள்ளைன்னா அருவாளத் தூக்குவாய்ங்க. பொண்ணுக எண்ணிக்கை கொறஞ்சது கணக்கு, அந்தக் கொறஞ்சதையும் நூறு கூறு போட்டுக்கிட்டு நிக்கிறது நாமளா தேடிக்கிட்டது. வயசு வித்தியாசத்த விட்டுக் குடுத்தா, ஜாதிய விட்டுக் குடுத்தா இதுல பாதி நெருக்கடி தன்னால எறங்கும், ஆனா இந்த ரெண்டத் தவிர பரிகாரம், தோசம், நவகிரகம்னு எல்லாத்தையும் முயற்சி பண்ணுவாய்ங்க.

வாடிப்பட்டி பக்கம் எங்க பெரியம்மா பேரன் ஒருத்தனுக்கு இப்ப அமைஞ்சிருக்கு, தென்னந்தோப்பு பாக்குற பய, வயசு முப்பத்தி நாலு. பொண்ணு அவன விட ஒரு வயசு மூத்தது, ஸ்கூல்ல வேலை, மொதல்ல பெரியம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாக. பொண்ணு நேராவே பேசுச்சாம், வேலைய விட மாட்டேன், தோப்பு வேலைக்கு வந்தா தேங்கா வெட்டு முடிஞ்சதும் எனக்குக் கூலி தனியா அக்கவுண்டுல போடணும், மாடு வேண்டவே வேண்டாம்னு. பய ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தையில கல்யாணம். மாடு ரெண்டையும் வித்தாச்சு, பாக்கெட் பால் காப்பி வாயில வைக்க வெளங்கலன்னு பெரியம்மா போன்ல தெனம் பொலம்புறாக.