ஃபோதரிங்ஹே: மேட்டில் ஏறும் முன் தேவாலயத்துக்குப் போங்கள்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் பிறந்த கோட்டை என்று நம்பி ஃபோதரிங்ஹே கிராமத்துக்குப் போனால், கண்ணில் படுவது புல் மூடிய ஒரு மண்மேடும், நீன் ஆற்றோரம் கம்பிவேலிக்குள் கிடக்கும் ஒரு சுவர்த் துண்டும்தான். பார்க்கக் காசு கிடையாது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் வந்த செலவு தண்டம்.

செலவு முழுக்கப் போக்குவரத்தில்தான். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோவுக்கு ரயிலில் சுமார் 50 நிமிடம். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் பர்ஸ் காலி. அங்கே டாக்ஸி பிடித்தால், காத்திருப்பும் திரும்பி வருவதும் சேர்த்து மொத்தமாகப் பேசிவிட்டு ஏறுங்கள். குக்கிராமத்தில் இறங்கிய பிறகு பேரம் பேசினால் ஓட்டுநர் சொன்னதுதான் கூலி. நடக்கத் தெம்பிருந்தால் பக்கத்து ஊரான அவுண்டில் வரை பஸ், அப்புறம் சுமார் 4 மைல் நடை.

முதலில் தேவாலயம். எண்கோணக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். கிழக்குப் பாதியை 16ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டதால் கட்டடம் வெட்டிவிட்டது போல நிற்கும். உள்ளே பலிபீடத்தின் இருபுறமும் பாருங்கள். ஒருபக்கம் ரிச்சர்டின் அப்பா யார்க் கோமகன், அம்மா செசிலி நெவில். மறுபக்கம் அப்பாவின் பெரியப்பா எட்வர்ட், 1415இல் அஜின்கோர்ட் போரில் இறந்தவர். சிதைந்து கிடந்த கல்லறைகளுக்குப் பதிலாக முதலாம் எலிசபெத் 1573இல் எழுப்பிய சமாதிகள் இவை.

இங்கே அவசரப்படாதீர்கள். ரிச்சர்ட் பிறந்தது 1452 அக்டோபர் 2. பிழைத்து வளர்ந்த பிள்ளைகளில் கடைக்குட்டி. 1460 டிசம்பர் 30, வேக்ஃபீல்டு போரில் அப்பாவும் அண்ணன் எட்மண்டும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அப்பாவின் வெட்டிய தலையில் காகிதக் கிரீடம் வைத்து யார்க் நகர வாசலில் மாட்டினார்கள். பையனுக்கு 8 வயது. சில வாரங்களில் அம்மா அவனையும் அண்ணன் ஜார்ஜையும் கடல் தாண்டி அனுப்பிவைத்தார். மூத்த அண்ணன் எட்வர்ட் அரியணை ஏறிய பிறகுதான் ஊர் திரும்பினார்கள்.

1476 ஜூலையில் அப்பா, அண்ணன் இருவரின் உடல்களையும் முதலில் புதைத்திருந்த பாண்டிஃப்ராக்ட் ஊரிலிருந்து எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தபோது, ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கித் துக்கம் காத்தவர் 23 வயது ரிச்சர்ட்.

இனி மேட்டுக்குப் போங்கள். மழை பெய்திருந்தால் புல் வழுக்கும், பிடிமானமுள்ள காலணி வேண்டும். கீழே கம்பிவேலியில் இரண்டு பலகைகள். 1587இல் இங்கே தலை வெட்டப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு ஒன்று. இன்னொன்று ரிச்சர்டுக்கு. அதையும் படித்துவிட்டே டாக்ஸி ஏறுங்கள்.