காதைத் தீட்டிக்கொண்டு ஹாகியா சோஃபியாவுக்குள்

இஸ்தான்புல்லின் பழைய தேவாலயமான ஹாகியா சோஃபியாவைக் காதால் அறிந்து நெடுநாள் கழித்துத்தான் கண்ணால் பார்த்தேன். கப்பெல்லா ரொமானா என்ற அமெரிக்கப் பாடகர் குழு 2019இல் வெளியிட்ட ‘லாஸ்ட் வாய்சஸ் ஆஃப் ஹாகியா சோஃபியா’ இசைத்தட்டுதான் காரணம். பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் காலத்துக் கிறித்தவ வழிபாட்டுப் பாடல்கள். பாடகர் வாயை மூடிய பிறகும் குரல் மேலே மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் அவர்கள் பாடியது இஸ்தான்புல்லில் இல்லை, கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் அரங்கில். கட்டடத்தின் முழக்கம் மட்டும் கணினி வழியாக வந்து சேர்ந்திருந்தது. அது பிறந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

கட்டடம் இப்போது மசூதி. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான். கட்டணம் 25 யூரோ. கல் பாவிய சரிவுப்பாதையில் ஏறி மேலே வந்ததும் எல்லோரும் மொசைக் ஓவியங்கள் பக்கம் போனார்கள். நான் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழே ஒரு குழந்தை கத்தியது. அந்தக் கத்தல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காது தேடத் தொடங்குவதற்குள் அது கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. குவிமாடத்தின் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 56 மீட்டர். அங்கே போய்த் தொட்டுத் திரும்பவே ஒலிக்குச் சுமார் மூன்றில் ஒரு நொடி பிடிக்கும். அப்புறம் அரைக்குவிமாடங்கள், தூண்கள், பக்கக் கூடங்கள் என்று அலைகிறது. 532க்கும் 537க்கும் இடையே ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய இந்த மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் பளிங்கு. பளிங்கு ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் ஒலி அடங்கப் பதினொரு நொடி வரை ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். நல்ல கச்சேரி அரங்குகளில் இது இரண்டு நொடி அளவில்தான் இருக்கும்.

சரி, ஒரு கட்டடத்தின் ஒலியை எப்படி எடுத்துப் போவது? ஸ்டான்ஃபோர்டின் கலை வரலாற்றாளர் பிஸ்ஸேரா பென்ச்சேவாவும் ஒலி ஆய்வாளர் ஜொனாதன் ஏபலும் பலூனைக் கொண்டு எடுத்தார்கள். 2010இல் ஹாகியா சோஃபியா அருங்காட்சியகமாக இருந்தது. உள்ளே பாட அனுமதி கிடையாது. பலூன் உடைக்க அனுமதி கிடைத்தது. ‘பட்’ என்று ஒரு கணம். அதன் பின்னால் கட்டடம் தரும் நீண்ட பதில். அதை ஒலிவாங்கியில் பிடித்துவிட்டால் அந்த இடத்தின் கைரேகை கிடைத்த மாதிரி. பலூன் ஓசை எல்லாச் சுருதிகளிலும் ஒரே பலத்தில் இருக்காது என்பதால், அந்தப் பதிவைக் கணக்கிட்டுத் திருத்தியும் இருக்கிறார்கள்.

அடுத்தது கன்வல்யூஷன் என்ற கணக்கு. பாடுபவரின் குரலை நொடிக்குப் பல்லாயிரம் துணுக்குகளாக்கி, ஒவ்வொரு துணுக்கோடும் அந்த நீண்ட பதிலை அதன் பலத்துக்கேற்பச் சேர்த்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முதலில் பாடகர்களுக்கு இயர்போனில் இந்த முழக்கத்தை உடனுக்குடன் கேட்கச் செய்து பதிவு செய்தார்கள். பிறகு பிங் அரங்கில் சுற்றிலும் மேலேயும் ஒலிபெருக்கிகளை வைத்து, பாடப் பாட அரங்கமே அந்தக் கட்டடமாக மாறும்படி செய்தார்கள். என்னைக் கவர்ந்தது இதுதான்: முழக்கம் கேட்டதும் பாடுகிற விதமே மாறிவிட்டதாம். வேகம் குறைகிறது. ஐசன் என்ற நீண்ட கார்வை, கட்டடம் ஒத்திசைக்கும் சுருதியைத் தேடிப் போய் உட்காருகிறது. கடைசியில் தூவும் அலங்காரமாக முழக்கத்தைச் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பாடல்களை இயற்றியவர்கள் கட்டடத்தையும் ஒரு பாடகராக வைத்துத்தான் இயற்றியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

மேல்மாடத்தில் நின்று தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். குவிமாடத்தின் முழக்கம் அதன் இடத்திலேயே இருந்தது. சாதாரண ஹெட்போனில் இது கிடைக்காது. தலையைத் திருப்பினால் கட்டடமும் கூடவே திரும்பிவிடும். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் மேற்கூரை மேலேயே நிற்கும், பின்சுவர் பின்னாலேயே நிற்கும். சரவுண்ட் சவுண்ட் என்றால் வெடிச்சத்தமும் ஹெலிகாப்டரும்தான் என்று நினைக்கிறோம். அதன் மிக அழகான பயன், இல்லாத சுவர்களை இருக்கும் இடத்தில் எழுப்புவதுதான்.

எட்டிப் பார்த்தால் தரை முழுக்கப் பசுநீலக் கம்பளம். 2020இல் மசூதியானபோது விரித்தது. தொழுபவர்களுக்கு அது அவசியம், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கம்பளம், குறிப்பாக உச்ச ஒலிகளை, உறிஞ்சும். 2010இல் பளிங்குத் தரைமேல் வெடித்த பலூனின் பதிவு, இன்று நேரில் போனாலும் கேட்க முடியாத ஒரு ஹாகியா சோஃபியாவை வைத்திருக்கிறது. கல்லையும் ஓவியத்தையும் காப்பது போல ஒலியையும் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் சுலைமானியே மசூதி. கட்டடக் கலைஞர் சினான் 1557இல் முடித்தது. சினானின் மசூதிகளின் ஒலியை அளந்து கணினியில் மீட்டெடுக்க, கஹ்ரிஸ்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் 2000இல் தொடங்கியது. இங்கே தரைத்தளத்தில் உட்காரலாம். நான் போன நேரம் யாரோ ஒருவர் மெல்ல ஓதிக்கொண்டிருந்தார். முழக்கம் இருந்தும் சொற்கள் தெளிவாக வந்தன.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை நண்பகலில் ஹாகியா சோஃபியாவுக்குப் போகாதீர்கள், கூட்டுத் தொழுகைக்காகப் பயணிகளை விடமாட்டார்கள். காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தால் பேச்சுச் சத்தம் மற்றதை மூடிவிடும். கிளம்புவதற்கு முன் அந்த இசைத்தட்டைக் கேட்டுவிடுங்கள். சரவுண்ட் பதிவுள்ள ப்ளூ-ரே வட்டும் அதோடு வருகிறது. தெரிந்தவர் யார் வீட்டிலாவது 5.1 அமைப்பு (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒன்று) இருந்தால் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள்.