ஓரிகான் ஓக் காடு: பாக்கவேண்டியது எல்லாம் அடுத்தவங்க கேட்டுக்கு உள்ள இருக்கு

முதல்லயே சொல்லிடறேன், கார் இல்லாம அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத்துல இருக்கற கொர்வாலிஸ் ஊர்ப் பக்கம் காடு பாக்கக் கிளம்பாதீங்க. ஊருக்குள்ள பஸ்ஸுக்கு 2011ல இருந்தே டிக்கெட் கிடையாது, ஏறி உக்காந்தா போதும், அடடா என்னா ஊருடான்னு இருந்துச்சு. ஆனா ஊர் எல்லை வரைக்கும் தான் அந்த சொகுசு. ஃபின்லி வனவிலங்கு சரணாலயம் தெற்கால ஒரு 10 மைல், போறதுக்கு ஆப்ல 29 டாலர் காட்டுச்சு, சரி ஒழியட்டும்னு போயாச்சு. திரும்பறப்போ சிக்னல் ஒரு கோடு, ஆப் பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் வரல. கடைசில ஒரு உள்ளூர் டாக்ஸிக்காரர் வந்தார், 70 டாலர், அதுவும் கேஷா. நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 6000 ரூபா, 10 மைலுக்கு! சென்னைல வளந்தவ, விடுவேனா, பேரம் பேசிப் பாத்தேன். மனுஷன் கண்ணாடிய ஏத்திட்டு ரேடியோவ சத்தமா வச்சுட்டார். குடுத்துட்டு வந்தேன், வேற வழி?

எப்படிப் போறது, எங்க தங்கறது, என்ன செலவுன்னு வரிசையா எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். முயற்சி பண்றேன், ஆனா மண்டைக்குள்ள இப்ப ஓடறது ஓக் மரமும் ஒரு பாட்டியும் தான்.

அக்கா வீடு ஹில்ஸ்போரோல. அத்தானுக்கு சிப் கம்பெனி வேலை, அந்தத் தெருவுல பாதி வீட்டுல தமிழ் கேக்குது. அருவி, பீச், எரிமலை எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டியாச்சு, அதையெல்லாம் ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, விடுங்க. லைப்ரரில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, பென்டன் கவுன்ட்டில (கொர்வாலிஸ் இருக்கற மாவட்டம்) ஒரு நிலக்காரர் தன் ஓக் காட்டைப் பொதுமக்களுக்குச் சுத்திக் காட்டறாங்க, இலவசம்னு. இலவசம்னு பாத்ததும் பேர் குடுத்துட்டேன். அத்தான், "மரம் பாக்க 80 மைல் போகணுமா, நம்ம வீட்டுப் பின்னாடியே நிக்குதே"ன்னு சிரிச்சார். அது டக்ளஸ் ஃபிர்னு ஊசியிலை மரம் அத்தான், பிரச்சனையே அது தான்னு எனக்கு அப்ப சொல்லத் தெரியல.

பஸ் பத்தி: போர்ட்லேண்ட்ல இருந்து தனியார் பஸ், ஒன்றரை மணி நேரம் லேட்டு, ஏசி குளிர்ல பல்லு தந்தியடிச்சுது, பின்னாடி டாய்லெட் கதவு மூடவே இல்ல, அந்த வாடையோட சேலம் வரைக்கும் (ஆமா, இங்கயும் ஒரு சேலம் இருக்கு, மாநிலத் தலைநகரம் வேற). திரும்பி வர்றப்போ ஆல்பனில இருந்து ரயில்ல வந்தேன், சொர்க்கம், போறப்பயே அதுல போங்க. ஜன்னலுக்கு வெளிய மைல் கணக்குல பச்சையா வயல், ஏதோ கோதுமைன்னு நெனச்சா, பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் அதெல்லாம் புல்லு விதைக்காம், கால்ஃப் மைதானத்துக்கும் வீட்டுப் புல்தரைக்கும் போடற புல்லு. உலகத்துக்கே புல் விதை சப்ளை பண்ற பள்ளத்தாக்கு இது, பேரு வில்லமெட். ஒரு காலத்துல இந்த இடமெல்லாம் புல்வெளியும் நடுநடுவுல ஓக் மரமுமா இருந்துச்சு, அதுல 90 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு.

ஃபின்லில வுட்பெக்கர் லூப்னு ஒரு நடைபாதை, ஒரு மைல் சொச்சம் தான், உள்ள நுழைய காசு கிடையாது. கேட்டைத் திறந்து வச்ச ஓக் காடுகள்ல இது ஒண்ணு, அதனால கட்டாயம் போங்க. அங்க ஒரு பெரிய ஓக், கிளையெல்லாம் மேல போகாம பக்கவாட்டுல விரிஞ்சு கிடக்கு, அப்படி விரிஞ்சிருந்தா அது வெட்டவெளில தனியா வளந்த மரம்னு அர்த்தம். பாதைல இன்னொரு இடத்துல அதே மாதிரி விரிஞ்ச ஓக், ஆனா சுத்தி ஃபிர் மரங்க நெட்டுக்கு நிக்குது, கல்யாண ஃபோட்டோல முன்னாடி வந்து நிக்குற உயரமான சித்தப்பா மாதிரி. வெளிச்சம் கிடைக்காம ஓக்கோட கீழ்க்கிளை எல்லாம் செத்துப் போய் சாம்பல் கலர்ல பாசி தொங்குது. ஓக்குக்கு நிழல்ல வாழவே தெரியாது. 400 வருஷம் கூட உயிரோட இருக்கற மரம், தலைக்கு மேல ஃபிர் ஏறிட்டா கொஞ்சம் கொஞ்சமா காலி.

ஏன் ஃபிர் ஏறுச்சு? நெருப்பு நின்னதால. இந்தப் பள்ளத்தாக்கு கலபூயாங்கற பழங்குடி மக்களோடது. வருஷா வருஷம் கோடை முடியறப்போ அவங்களே புல்லுக்குத் தீ வைப்பாங்க, கேமஸ் கிழங்கு நல்லா வரும், ஓக் கொட்டை பொறுக்க சுளுவா இருக்கும், மான் மேய வரும். ஓக்குக்குப் பட்டை தடிமன், தாங்கிக்கும், ஃபிர் கன்னு கருகிடும். 1830கள்ல மலேரியா வந்து ஊர் ஊரா ஜனங்க செத்தாங்க. 1850ல ஒரு சட்டம் போட்டு வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு நிலத்தை ஓசில குடுத்தாங்க, புருஷன் பொண்டாட்டி சேந்து வந்தா 640 ஏக்கர். செல்லுபடியான ஒப்பந்தம் 1855ல தான் போட்டாங்க, அடுத்த வருஷமே மிச்சமிருந்த கலபூயாக்களை கிராண்ட் ரோன்ட் ரிசர்வேஷனுக்கு (பழங்குடிகளுக்குன்னு ஒதுக்கின இடம்) அனுப்பியாச்சு. முதல்ல நிலத்தைக் குடுத்துட்டு அப்புறம் ஒப்பந்தம், அந்த வரிசையைப் பாருங்க. அதோட தீயும் நின்னுச்சு, ஃபிர் உள்ள வந்துச்சு.

அந்த ஓசி நிலக் கணக்கு தான் இன்னிக்கு வரைக்கும் தொடருது. இந்தப் பள்ளத்தாக்குல 96 சதவீதம் தனியார் நிலம். அரசாங்கம் தன் சரணாலயத்துல மட்டும் ஓக்கைக் காப்பாத்தினா மிச்ச 4 சதவீதத்துக்குள்ள தான் ஆட்டம். அதனால வீடு வீடா போய் கதவைத் தட்டறதைத் தவிர வேற வழியே இல்ல. காட்டைக் காப்பாத்தறதுன்னா நான் பச்சை சட்டை போட்ட ரேஞ்சர நெனச்சிருந்தேன், இங்க அந்த வேலையைப் பாக்கறது பைல் தூக்கிட்டு நிலக்காரங்க சமையக்கட்டுல உக்காந்து காபி குடிக்கற ஆளுங்க.

இப்ப பாட்டிக்கு வர்றேன். அந்த நோட்டீஸ்ல சொன்ன நிலக்காரர் இவங்க தான், எழுபதைத் தாண்டின அம்மா, ரப்பர் பூட்ஸ், கைல கம்பு, ஆடு மேய்ச்ச நிலம். மேட்டு மேல ஏத்திட்டுப் போய் முதல் வாக்கியமே, "இங்க நாங்க ஃபிர் மரத்தை வெட்டினோம், யாருக்காவது கோவம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க." ஃபிர் தான் ஓரிகானோட மாநில மரம், வித்தா நல்ல காசு, ஓக்கு அடுப்பு விறகு விலைக்குத் தான் போகும். காசு வர்ற மரத்தை அழிச்சு காசு வராத மரத்தை வளக்கறாளேன்னு பக்கத்து நிலக்காரர் ரொம்ப நாள் பேசவே இல்லையாம். அதுவுமில்லாம இங்க 1971ல வந்த சட்டப்படி காட்டை வெட்டினா திரும்ப நடணும். வெட்டின இடத்தை ஓக்குக்காக வெட்டவெளியா விடறேன்னு தனியா திட்டம் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். ஒரு நல்ல காரியம் பண்ண எத்தனை ஃபாரம்! நம்ம தாலுக்கா ஆபீஸ் பரவாயில்லன்னு தோணுச்சு.

பணம் எங்க இருந்துன்னு நான் தான் கேட்டேன் (நம்ம புத்தி). வெட்டின ஃபிர் கட்டைல கொஞ்சம் மில்லுக்குப் போய் கூலியை ஈடுகட்டுச்சாம். மிச்சத்துல ஒரு பங்கு மத்திய அரசுத் திட்டம். தனியார் நிலத்துக்குன்னே 1987ல ஆரம்பிச்ச கூட்டுத் திட்டம் ஒண்ணு, விவசாயத் துறைப் பக்கம் இன்னொண்ணு. முழுப்பணம் யாரும் தர்றதில்ல, டிராக்டர், வேலி, உடம்பு உழைப்புன்னு நிலக்காரரும் போடணும். முதல் திட்டத்துல குறைஞ்சது 10 வருஷம் அந்தக் காட்டைக் கெடுக்க மாட்டேன்னு கையெழுத்து. நிலம் அவங்க பேர்லயே தான் இருக்கும், கேட்டை யாருக்கும் திறந்துவிட வேண்டியதும் இல்ல. அங்க தான் எனக்கு எரிச்சல், பொதுப்பணம் போற காட்டை நாலு பேர் பாக்க முடியலையேன்னு வாய்விட்டுக் கேட்டுட்டேன். பாட்டி பட்டுனு சொன்னாங்க: "கேட்டைத் திறக்கணும்னு சொல்லியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். இந்த ரோட்டுல ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க." பிடிக்கலேன்னாலும் அது தான் நிஜம்.

நிலக்காரங்களுக்குப் பெரிய பயம் பட்டாம்பூச்சியாம்! ஃபெண்டர்ஸ் ப்ளூன்னு கட்டைவிரல் நகம் சைஸ்ல ஒரு நீலப் பூச்சி, 1937க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படாம அழிஞ்சே போச்சுன்னு நெனச்சு 1989ல திரும்பக் கண்டுபிடிச்சாங்க. அதோட புழு திங்கறது முக்கியமா ஒரு லூபின் செடியை, அது வெயில் அடிக்கற புல்வெளில தான் வரும். மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டா செடி வரும், செடி வந்தா பூச்சி வரும், பூச்சி வந்தா அரசாங்கம் வந்து "இனி இங்க ஆடு மேய்க்காதே"ன்னு சொல்லிடுமோன்னு பயந்து சில பேர் செடி முளைச்சாலே வெளிய சொல்றதில்லையாம். அதுக்குத் தான் சேஃப் ஹார்பர்னு ஒரு ஒப்பந்தம்: நீ நல்லது பண்ணி பூச்சி பெருகினா, அதுக்காக உன் மேல புதுசா கட்டுப்பாடு போட மாட்டோம். இந்த மாதிரி நிலங்களோட புண்ணியத்துல 2023ல அதை அழியப்போற பட்டியல்ல இருந்து ஒரு படி இறக்கி வச்சாங்க. நான் போனது ஜூன் ஆரம்பம், பறக்கற சீசன். ஒண்ணே ஒண்ணு லூபின் பூ மேல வந்து உக்காந்துச்சு, இறக்கையை மூடினா அடிப்பக்கம் சாம்பல், கறுப்புப் புள்ளி வரிசையா. ஃபோன் எடுக்கறதுக்குள்ள பறந்துடுச்சு.

வேணும்னே சாக விட்டு நிறுத்தி வச்ச ஒரு ஃபிர் மரத்தைக் காட்டினாங்க. பட்டை முழுக்க ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒரு ஓக் கொட்டை, நகத்தை விட்டு நெம்பினாலும் வரல, அவ்வளவு டைட்டு. மரங்கொத்தி வேலை, குடும்பமா சேந்து சேமிக்குமாம். கொட்டை காஞ்சு சுருங்கினா ஓட்டைல ஆட்டம் காணும், உடனே எடுத்து சின்ன ஓட்டைக்கு மாத்திடுமாம். இதுக்காகவே 80 மைல் வரலாம் அத்தான்.

வெட்டினதோட வேலை முடியல. வெளிச்சம் வந்ததும் பிளாக்பெர்ரி முள்ளும் ஸ்காட்ச் ப்ரூம்ங்கற புதரும் தான் முதல்ல வருது, வருஷா வருஷம் வெட்டணும், மருந்து அடிக்கணும். இப்ப சில நிலத்துல இலையுதிர் காலத்துல திரும்பவும் தீ வைக்கறாங்க, கலபூயா வழி வந்தவங்களும் அந்தக் குழுக்கள்ல இருக்காங்க. 1856ல நிறுத்தின வேலையை இப்ப கூப்பிட்டுப் பண்ணச் சொல்றாங்க, இதுக்கு நான் என்ன கருத்து சொல்ல!

திராட்சைத் தோட்டக்காரங்க இன்னொரு தலைவலி. வெயில் விழற மேட்டுச் சரிவு தான் ஓக்குக்கும் வேணும், பினோ நுவார் திராட்சைக்கும் வேணும். ஒயின் ஏக்கருக்குத் தர்ற காசோட ஓக் போட்டி போட முடியாது. ஓக் அக்கார்ட்னு ஒரு உடன்படிக்கை வச்சு, இருக்கற ஓக்கைக் காப்பாத்தறோம்னு தோட்டக்காரங்க தானா முன்வந்து கையெழுத்துப் போடறாங்க. எனக்கு அதுல பாதி நம்பிக்கை தான், ஒயின் ருசி பாக்கற கட்டணத்தைக் கேட்டப்புறம் அதுவும் குறைஞ்சுது.

சாப்பாடு! சனிக்கிழமை ஆத்தங்கரைச் சந்தைல ஹூட் ஸ்ட்ராபெரி. ஜூன்ல கொஞ்ச நாள் தான் வரும், லாரி ஏத்தினா நசுங்கிடும்னு வெளியூருக்குப் போகாது. உள்ள வரைக்கும் சிவப்பு, கையெல்லாம் சாறு, நம்ம ஊர்ல பெட்டில விக்கறாங்களே அது ஸ்ட்ராபெரியே இல்ல. ஒரு டப்பா 6 டாலர், ரெண்டு டப்பா தின்னுட்டு மதியச் சாப்பாட்டுக்கு லீவு விட்டேன். ராத்திரி ஒரு டாக்கோ வண்டில பீன்ஸ் புரிட்டோ 9 டாலர், பச்சை மிளகாய்ச் சட்னி கேட்டா அந்த அண்ணன் "காரம், காரம்"னு ரெண்டு தடவை எச்சரிச்சார், முழு கிண்ணத்தையும் காலி பண்ணினேன், அடுத்த புரிட்டோக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டார். டாக்ஸி தண்டம் அதுல கொஞ்சம் ஆறுச்சு. லாட்ஜ் ஒரு ராத்திரிக்கு வரியோட 118 டாலர், படுக்கை பரவாயில்ல, காலைச் சாப்பாடுன்னு ஒரு பிளாஸ்டிக் மஃபின்.

போறவங்களுக்கு: முழு பேன்ட், உயரமான சாக்ஸ். ஓக் காட்டுல பாய்சன் ஓக்னு ஒரு செடி எங்க பாத்தாலும், மூணு மூணா பளபளப்பா இலை, பட்டா ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு ஆரம்பிக்கும். பாட்டி எல்லாரையும் நிக்க வச்சு காட்டிட்டுத் தான் கூட்டிட்டுப் போனாங்க, அப்பயும் ஒரு அங்கிள் ஃபோட்டோக்காக அதுல சாஞ்சு நின்னார். நிலத்தைச் சுத்திக் காட்டற நாள் வசந்தத்துலயும் கோடைத் தொடக்கத்துலயும் தான் அதிகம், உள்ளூர் நீர்ப்பிடிப்பு மன்றம், நில அறக்கட்டளை அறிவிப்புப் பலகைல போடுவாங்க, இடம் சீக்கிரம் நிரம்பிடும். கார்ல போறவங்க ரெண்டு பேரா சேந்து வாடகைக்கு எடுங்க, இந்த மாநிலத்துல வாங்கற பொருளுக்கு விற்பனை வரி இல்லன்னு குஷியாகாதீங்க, வாடகைக் காருக்கும் லாட்ஜுக்கும் தனியா வரி போட்டுத் தீட்டிடுவாங்க.