ஒன்றுக்கு ஈரம், மற்றதற்கு வெயில்

சேத்துமடை, ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் மின்மினியும் இலைவெட்டித் தேனீயும் சேர்ந்து வரட்டும் என்று ஒரே மூலையில் சருகைக் குவித்து, அங்கேயே மூங்கில் குச்சியையும் கட்டிவிடுகிறார்கள். இது சரிப்படாது.

2022-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னிய மின்மினிகள் அப்ஸ்காண்டிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஆணின் அடிவயிற்றில் இரண்டு வளையங்கள் ஒளிரும், பெண்ணுக்கு ஒன்றுதான். பறக்கும் பருவம் சில வாரமே. அதற்கு முன் மாதக்கணக்கில் புழுவாக ஈரச் சருகில் கிடக்கிறது. ஆகவே வாய்க்கால் ஓரம் நாலடி அகலத்துக்குக் கிளறாமல் விடுங்கள், மட்டையைக் கொளுத்தாதீர்கள். நத்தைக்கு மெட்டால்டிஹைடு குருணை போட்டால் புழுவின் இரையும் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மோட்டார் ரூம் எல்இடியை இரவில் அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சத்தில் ஆணின் மினுக்கல் பெண்ணுக்குத் தெரியாது, இணை சேராது.

மெகாசைல் எனப்படும் இலைவெட்டித் தேனீக்கு இந்த ஈரமே எமன். கூட்டில் பூஞ்சணம் பிடித்து மகரந்த உருண்டையும் புழுவும் சேர்ந்து அழுகும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம் என்பதும் இதனால்தான். 6 முதல் 8 மில்லிமீட்டர் துளையுள்ள மூங்கில் குச்சியை, பின்பக்கம் கணு அடைத்திருக்கும்படி 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுங்கள். வாய்ப்பக்கத்துச் சிலும்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சிறகு கிழியும். இருபது குச்சியைக் கட்டாகக் கட்டி, காலை வெயில் படும் கிழக்குச் சுவரில், தாழ்வாரத்துக்கு அடியில், இடுப்புயரத்துக்கு மேல் ஆடாமல் பொருத்துங்கள். நீளத்தைக் குறைக்காதீர்கள்: பெண்ணாகும் முட்டைகளை உள்ளே ஆழத்திலும் ஆணாகும் முட்டைகளை வாய்ப்பக்கமும் தேனீ இடுவதால், குட்டைக் குச்சியில் ஆண்களே மிகும். கூடு கட்டுவதும் மகரந்தம் சுமப்பதும் பெண்தான், அதுவும் காலில் அல்ல, அடிவயிற்று முடியில். துவரைப் பூவை அழுத்தித் திறந்து அயல் மகரந்தம் சேர்ப்பதில் இதற்கு ஈடு குறைவு.

ரோஜா இலையில் அரைவட்டமாக, கத்தரித்தது போல் வெட்டு இருந்தால் அது இந்தத் தேனீ. கம்பளிப்புழு தின்றால் ஓரம் இப்படி நறுக்கென்று இருக்காது. தேனீ இலையைத் தின்பதில்லை, கூட்டுக்கு உறை போடத்தான் எடுக்கிறது. இதற்குப் போய் மருந்தடிப்பது பெரும் பாவம்.

வாய் இலையால் அடைபட்ட குச்சியைப் பிளந்து பார்க்காதீர்கள். வாயை அடைத்த இலையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி புகுந்திருக்கிறது. அந்தக் குச்சியை மட்டும் அப்புறப்படுத்துங்கள்.