பெங்களூரு வேலையை விட்டுப் பென்னாகரம் வந்தேன்: கிளம்பும் முன் முடிக்க வேண்டிய காரியங்கள்

பிஎஃப் பணம் ஒருவழியாகப் போன வாரம் கணக்கில் ஏறியது. அலைந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். பெங்களூருவிலும் ஓசூரிலும் நல்ல சம்பளத்தில் இருக்கும் நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர், "அக்கா, நானும் வறுமை ஒழிப்பு வேலைக்கு வரணும், எப்படி வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஏன் வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரிந்திருக்கவில்லை. ரோமில் இருக்கும் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. எங்கள் அம்மா அப்படி ஒரு சங்கத்தில் இருந்தார். சங்கக் கடனில் வாங்கிய கறவை மாட்டின் பாலை ஊற்றித்தான் என்னைக் காலேஜ் வரை படிக்க வைத்தார். எங்கோ போட்ட ஒரு திட்டம் பாலக்கோட்டில் ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வேலையில் என் பங்கும் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ராஜினாமா, நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் பிஎஃப்பில் வந்தது.

ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்காது என்று எச்ஆரில் அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிட்டார்கள். பிஎஃப்பிலும் அதுவே ஏறிவிட்டது. இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக் கடனை அடைத்துவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போகலாம் என்று கிளெய்ம் போட்டேன், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போட வேண்டும், என் கணக்குக்குக் கம்பெனி ஒப்புதலும் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த எச்ஆர் ஆட்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர், "போர்ட்டலில் டிக்கெட் போடுங்க மேடம்" என்றார். போர்ட்டலுக்குள் போக ஊழியர் ஐடி வேண்டும். அதைத்தான் கடைசி நாளே முடக்கிவிட்டார்களே! நேரில் போனால் கேட்டிலேயே நிறுத்தினார்கள், அப்பாயின்ட்மென்ட் இல்லையாம். பிஎஃப் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கம்பெனியைக் கேளுங்க" என்றார். அன்று பஸ் ஏறித் திரும்பி வந்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

கடைசியில் காரியம் நடந்தது பிஎஃப் குறைதீர்ப்புத் தளத்தில் எழுத்தில் புகார் போட்ட பிறகுதான். நேரில் போய்க் கெஞ்சியதற்கு அசையாத கம்பெனி, புகார் எண் வந்ததும் ஒப்புதல் கொடுத்தது. ஆகவே, ராஜினாமா கடிதம் எழுதும் முன்பே ஆதார், பான், பிஎஃப், பேங்க் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போது எச்ஆரை மடக்கிப் பிடித்துத் திருத்திவிடலாம். வெளியே வந்துவிட்டால் நீங்கள் யாரோ. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிவு செய்ய வழி இருக்கிறது. அதற்காக யாரையும் தொங்க வேண்டாம்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி கடைசி நாளோடு போய்விடும். அம்மாவுக்குச் சர்க்கரை. புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழு பாலிசியைத் தனி பாலிசியாக மாற்றிக்கொண்டால், கடந்த வருடங்கள் கணக்கில் வரும். கிளையில் முதலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்கள். "அதையே எழுதிக் கொடுங்க" என்றதும் படிவம் வந்தது. இதையும் கடைசி நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

அப்புறம் வேலை தேடிய கதை. பெரிய சர்வதேச அமைப்புகள் முதுகலைப் படிப்போ கள அனுபவமோ கேட்டன. என்னிடம் இரண்டும் இல்லை. வறுமை ஒழிப்பில் எந்தத் திட்டம் உண்மையில் பலன் தருகிறது என்று சோதித்துப் பார்த்ததற்காக 2019-ல் அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும் மைக்கேல் கிரெமருக்கும் நோபல் கிடைத்தது இல்லையா, அந்த முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஆன்லைனில் கற்றுத் தருகிறது. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம்தான். ராத்திரிகளில் உட்கார்ந்து படித்தேன், நேர்காணலில் அதுதான் கைகொடுத்தது.

பென்னாகரம் பக்கம் ஒரு சிறு தொண்டு நிறுவனம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. சொன்னதோடு சரி, ஆர்டர் வரவில்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருந்ததாம். 2020-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்து கணக்கும் டேட்டாவும் பார்ப்பவர் சம்பளம் பெரும்பாலும் அந்த இருபதுக்குள்தான் வர வேண்டும். கார்ப்பரேட்டிலிருந்து போகும் நமக்கு அந்த மாதிரி வேலைதானே கிடைக்கும்? எனவே, சம்பளம் எவ்வளவு என்பதோடு, எந்தத் திட்டப் பணத்திலிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் அந்த இருபதுக்குள் வராத களப்பணி, சர்வே என்று வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு சேர்ந்தேன்.

2025 கணக்குப்படி உலகில் சுமார் 80 கோடிப் பேர் ஒரு நாளைக்கு 3 டாலருக்குக் கீழே வாழ்வதாக உலக வங்கி சொல்கிறது. படிக்கும்போது அது ஒரு எண்தான். மலையடிவாரத்தில் நான் முதலில் சர்வே எடுத்த பெரியம்மா, மஞ்சப்பையிலிருந்து பாலிதீன் கவரில் சுற்றிய காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பினார். ரேஷன் கார்டில் பெயர் 'அம்மா' என்று முடிகிறது, ஆதாரில் 'அம்மாள்' என்று. எனக்கு நெஞ்சில் சுரீர் என்றது.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் தொப்பூரில்தான். அப்போது மாதம் 1000 ரூபாய். அந்தப் பெரியம்மாவின் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்திருக்கலாம். ஆனால் குறுஞ்செய்தி போனது பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் மகனுடைய போனுக்கு. "ஆபீசுக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு கண்ணு, அதான் விட்டுட்டேன்" என்றார்.

ஒரு சாதாரணப் பெயர் வேறுபாட்டுக்கு, படித்த நானே எத்தனை தடவை பஸ் ஏறினேன்! கூலியையும் இழந்துகொண்டு அவர் எப்படி ஏறுவார்? ஆதாரைத் திருத்தினோம். 2025-ல் நடந்த 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் உரிமைத் தொகைக்கு மறுபடி விண்ணப்பம் வாங்கினார்கள், இந்த முறை என் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தோம். பணம் வரத் தொடங்கிவிட்டது. என் பிஎஃப் வந்த அன்றைவிட அந்த குறுஞ்செய்தி வந்த அன்றுதான் எனக்குச் சந்தோஷம். அதே ஊரில் இன்னும் சில பெண்களுக்கு இதே பெயர்ச் சிக்கல் இருக்கிறது. திங்கட்கிழமை மனு நாளில் அவர்களோடு தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன்.