சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வயிறு உப்புகிறது?

வயிற்றுப் பொருமலுக்குக் கஷாயம் தேடுவதற்கு முன் ஒரு 40 பக்க நோட்டும் தையல் டேப்பும் எடுத்து வையுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும்போது ஒரு தடவை, தொப்புளுக்கு நேராகச் சுற்றளவு எடுக்க வேண்டும். மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுங்கள். எக்கிப் பிடித்து எடுத்தால் கணக்கே கெட்டுவிடும். காலையில் தளர்ந்து மாலையில் இறுகுகிற வயிறு என்றால் உப்புசம்தான். இரண்டு வேளையும் ஒரே அளவு என்றால் கொழுப்பாக இருக்கலாம், ஓமத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. காலையிலும் குறையாமல் வாரத்துக்கு வாரம் ஏறி, கணுக்காலும் வீங்கினால் வயிற்றில் நீர் கோத்திருக்கக்கூடும். நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நோட்டில் நாலு கட்டம்: சாப்பிட்ட நேரம், என்ன சாப்பாடு, உப்பிய நேரம், மலம் எப்படிப் போனது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு எழுத வேண்டும். முதல் நாளே பருப்பு, பால், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. வயிறு குறையும், எதனால் குறைந்தது என்பது கடைசிவரை தெரியாது.

வாரம் முடிந்ததும் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் மேல்வயிறு கம்மென்று அடைத்து ஏப்பமாக வந்தால், அது பெரும்பாலும் விழுங்கிய காற்று: அவசரச் சாப்பாடு, சோடா, சூயிங்கம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடல் கடகடவென்று உருண்டால் பால் மேல் சந்தேகப்படலாம். நாலைந்து மணி நேரம் கழித்து அடிவயிறு இறுகினால் பருப்பு, வெங்காயம், கோதுமை. மாலை நாலு மணிக் காபியைக் குடித்ததும் உப்பிவிட்டது என்று பலர் காபியைப் பழிப்பார்கள். மதியம் சாப்பிட்ட சாம்பார் அப்போதுதான் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த நேரங்கள் ஆளுக்கு ஆள் முன்பின் ஆகும், ஆனால் ஒரே ஆளுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்.

பாலைச் சோதிப்பது சுலபம். 5 நாள் பாலும் காபி, டீயும் நிறுத்துங்கள். ஆறாம் நாள் காலை வெறும் வயிற்றில் 250 மி.லி. பால், சர்க்கரை இல்லாமல், வேறெதுவும் சேர்க்காமல். அடுத்த 4 மணி நேரம் தண்ணீர் மட்டும். அந்த ஒரு டம்ளரில் சுமார் 12 கிராம் லாக்டோஸ், அதாவது பாலின் சொந்தச் சர்க்கரை, இருக்கிறது. வயிறு உருண்டு பேதியானால் விடை கிடைத்தாயிற்று. அதற்காகத் தயிரை விட வேண்டியதில்லை. இரவு முழுக்க உறைந்த தயிரில் லாக்டோஸ் குறைவு, அதிலுள்ள கிருமிகளே மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. காபிக்கு ஊற்றும் கொஞ்சம் பாலும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

பருப்புதான் பெரிய விஷயம். பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதரின் சிறுகுடலில் கிடையாது. உடையாமல் பெருங்குடலுக்கு இறங்கினால் அங்கே கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் கிளப்பும். இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும் என்பதுதான் நமக்குக் கிடைத்த பிடி. கொண்டைக்கடலை ஒரு டம்ளர் என்றால் மூன்று டம்ளர் தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். மேலே நுரை கட்டி லேசாக வழவழக்கும் அந்தத் தண்ணீரில்தான் வாயுச் சரக்கு இறங்கியிருக்கிறது. சத்து போய்விடுமே என்று அதையே குக்கரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் வைட்டமின் மிஞ்சும், பொருமலும் மிஞ்சும். கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் விரலால் நசுக்கினால் மாவாக மசியும்வரை வேகவிடுங்கள். அரைவேக்காட்டுச் சுண்டல் எந்த வயிற்றுக்கும் ஆகாது. துவரம்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். பாசிப்பருப்பு எல்லாவற்றிலும் சாது. இட்லி மாவில் உளுந்தின் சர்க்கரையில் ஒரு பங்கைப் புளிப்பே தின்றுவிடுகிறது. அதனால்தான் உளுந்தவடை படுத்துகிற அளவுக்கு இட்லி படுத்துவதில்லை.

அடுத்து வெங்காயம், பூண்டு. இவற்றிலுள்ள, நம் சிறுகுடலில் செரிக்காத ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டும் பயனில்லை, குழம்பிலேயே இறங்கிவிட்டிருக்கும். மாற்று வழி: 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் ஆறேழைக் கீறிப் போட்டு, சிறுதீயில் பொன்னிறமாகும்வரை வைத்து, துண்டுகளை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை கிடைக்கும், வாயு கிடையாது. பெருங்காயத்தையும் இதே எண்ணெயில் பொரியவிட வேண்டும். கொதிக்கும் குழம்பில் தூவினால் பச்சை வாடைதான் மிஞ்சும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். சீலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) உள்ளவர்கள் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கவும். கோதுமை மேலேயே சந்தேகம் என்றால், நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

இத்தனையும் செய்யும்போதே உப்பிய வேளைக்கு ஏதாவது வேண்டுமே. ஒரு ஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு 4 நிமிடம் கொதித்ததும் இறக்கி, மூடியோடு ஆறவிடுங்கள். பாதியாகச் சுண்டக் காய்ச்சும் வழக்கம் இதற்குப் பொருந்தாது. ஓமத்தின் வேலை அதன் தைமால் எண்ணெயில் இருக்கிறது, அது ஆவியோடு பறப்பது. தெருவே மணக்கும், டம்ளரில் காரல் மட்டும் இருக்கும். சுக்கு சேர்ப்பதானால் தோல் சீவியது. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சும்மா சொல்லவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரண்டுமே எரியும், அவர்கள் சீரகத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், கைக்குழந்தைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கஷாயத்தைவிட எனக்கு நம்பிக்கை கையில்தான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வலது அடிவயிற்றில் தொடங்கி, விலா எலும்பு வரை மேலே, அங்கிருந்து தொப்புளுக்கு மேலாக இடப்பக்கம், பிறகு இடது அடிவயிறு வரை கீழே. பெருங்குடல் போகும் பாதை அதுதான். விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையால் அழுத்தி, 5 நிமிடம். எதிர்த்திசையில் தேய்த்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் ஏராளம். சிலருக்கு வாயு அதிகமாகவே இருக்காது. சாப்பிட்டதும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே அழுந்த, வயிற்றுத் தசை தளர்ந்து முன்னே தள்ளும். அவர்களுக்கு 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுவது, சாப்பாட்டுக்குப் பின் 5 நிமிடம், எந்தச் சூரணத்தையும்விட உதவும்.

மெடிக்கலில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. பெருங்குடலில் நடக்கும் புளிப்பை அது தொடுவதேயில்லை. பொங்கும் உப்புத்தூளும் இரைப்பையில் ஒரு ஏப்பத்தைக் கிளப்புவதோடு சரி, ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு அதிலுள்ள சோடியம் வேறு வம்பு.

மலம் கட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது, முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும். இசப்கோல் ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைக்கும். கோதுமைத் தவிடு இன்னும் உப்பவைக்கும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் எழுப்பும் வலி, வாந்தியோடு காற்றும் மலமும் அறவே நின்றுபோவது இவற்றுக்கெல்லாம் நோட்டு வேண்டாம், மருத்துவமனைதான். கடைசியாகச் சொன்னது அன்றைக்கே போக வேண்டியது. 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி நீடிக்கும் உப்புசம் என்றால் சூலகத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடையாளம் தெரிந்த பொருளை 3 வாரம் நிறுத்தியபின் திரும்பச் சேர்க்க வேண்டும். வெந்த கொண்டைக்கடலை என்றால் முதல் நாள் 2 ஸ்பூன், ஒரு நாள் இடைவெளி, பிறகு 4 ஸ்பூன், மறுபடி இடைவெளி, அப்புறம் அரைக் கிண்ணம். அந்த வாரத்தில் வேறெதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது. 4 ஸ்பூனில் டேப் அளவு ஏறாமல் அரைக் கிண்ணத்தில் ஏறினால், உங்கள் அளவு 4 ஸ்பூன். நோட்டில் எழுதிவிட்டு அடுத்து வெங்காயத்துக்குப் போங்கள்.